ஏற்காடு ஏறி இறங்கும் காரை யாரிடம் சர்வீஸ் விடுவது?

சேலத்தில் முதல் கார் வாங்கியவருக்கு முதல் சர்வீஸ் தேதி வருவதற்குள் இரண்டு எச்சரிக்கைகள் வந்துவிடும். ‘கம்பெனியில் விட்டால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும்’ என்பார் ஒருவர். ‘வெளியில் விட்டால் வாரண்டி போச்சு’ என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்த வேலையை, காரின் எந்த வயதில், யாரிடம் கொடுப்பது என்று பிரித்துப் பார்த்தால் மீதியும் பிடிபடும்.

இந்த ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர் உட்கார்ந்த ஒரு சின்ன கார் மேலிருந்து அடிவாரம் வந்து சேர்வதற்குள் இழக்கிற ஆற்றல், நாற்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கை இன்ஜினும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், மிச்சம் முழுவதும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாக இறங்கும். ஆகவே ஒரு ஒர்க்‌ஷாப்பை எடைபோடும்போது ஏ.சி. போட்ட காத்திருப்பு அறைக்கும் காபிக்கும் மதிப்பெண் போடாதீர்கள். பிரேக்கை எப்படிக் கழற்றிப் பூட்டுகிறார்கள் என்பதற்குப் போடுங்கள்.

முதலில் மேனுவல்

எந்த ஒர்க்‌ஷாப் என்று யோசிப்பதற்கு முன், டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் ஓனர் மேனுவலை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் நான்கு விஷயங்கள் இருக்கும். அவற்றைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: இன்ஜின் ஆயிலின் கிரேடு (0டபிள்யூ-16, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று எழுதியிருக்கும்), ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் பிடிக்கும், பிரேக் ஆயில் டாட் 3-ஆ டாட் 4-ஆ, கூலன்ட் எந்த வகை. சின்ன பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் மூன்று, மூன்றரை லிட்டருக்குள் அடங்கும். உங்கள் வண்டிக்கு 3.1 லிட்டர் என்று தெரிந்திருந்தால், பில்லில் 4 லிட்டர் என்று வரும்போது கேட்க முடியும். தெரியாவிட்டால் கேட்க எதுவும் இல்லை.

அதே பக்கத்தில் சர்வீஸ் அட்டவணை இருக்கும். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. பலர் இதோடு மேனுவலை மூடிவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தில் கடினமான ஓட்டத்துக்கென்று தனி அட்டவணை இருக்கும். புழுதிச் சாலை, மலைப்பாதை, தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடி இன்ஜின் முழுச்சூடு ஏறுவதற்குள் நிறுத்துவது, இவையெல்லாம் அதில் சேரும். அந்த அட்டவணையில் ஆயில் மாற்றும் இடைவெளி பல வண்டிகளுக்குப் பாதியாகக் குறையும். ஏர் ஃபில்டரும் பிரேக்கும் சீக்கிரமே பார்க்கப்படும். அம்மாபேட்டையிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் காரும், வாரம் ஒருமுறை மலை ஏறும் காரும் இந்த வகைதான். சர்வீஸ் அட்வைசர் தானாக இதைச் சொல்வது அபூர்வம். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வாரண்டி இருக்கும்வரை

வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டு விலகாதீர்கள். இப்போது பல கம்பெனிகள் 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. முதல் மூன்று சர்வீஸ்களுக்குப் பொதுவாகக் கூலி கிடையாது. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் மட்டும் காசு. முதல் 1,000 கிலோமீட்டர் சர்வீஸ் பல வண்டிகளில் வெறும் பரிசோதனைதான். அதில் ஆயில் மாற்றச் சொன்னால் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்திய போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததும், வெளியில் வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்று வைத்திருந்த நிபந்தனையும் அந்த வழக்கில் அடிபட்டன. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. சட்டம் உங்கள் பக்கம் சாய்ந்தாலும், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று கிளெய்ம் கேட்டு நிற்கும் நாளில் அவர்கள் முதலில் திறப்பது சர்வீஸ் ஹிஸ்டரியைத்தான். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் லட்ச ரூபாய் வேலைக்கு வாக்குவாதம் செய்வது தேவையில்லாத தலைவலி.

ஆனால் கார் வாங்கிய ஷோரூமிலேயே விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்தச் சென்டரிலும் விடலாம்; பழைய ஹிஸ்டரி சேசிஸ் நம்பரை வைத்துத் திரையில் வந்துவிடும். ஓமலூர் ரோட்டில் உள்ள சென்டர் சரிப்படவில்லை என்றால் அதே கம்பெனிக்கு ஊரின் இன்னொரு முனையிலோ, நாமக்கல்லிலோ, ஈரோட்டிலோ வேறு டீலர் இருக்கிறாரா என்று பாருங்கள். போர்டு ஒன்றுதான், முதலாளியும் மெக்கானிக்கும் வேறு.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்க நினைத்தால், அது முடியும்வரை கம்பெனி சென்டரிலேயே கட்டுண்டு கிடப்பீர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர், டர்போ, ஹைபிரிட் என்றால் வாங்குவது புத்திசாலித்தனம். சாதாரண மேனுவல் பெட்ரோல் வண்டிக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

வாரண்டி முடிந்த பிறகு எந்த வேலை யாரிடம்

இங்கேதான் ஆட்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். தேவையில்லை. வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

ஏர்பேக், ஏ.பி.எஸ். யூனிட், சாவி புரோகிராம் செய்வது, சாஃப்ட்வேர் அப்டேட், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஹைபிரிட் அல்லது எலக்ட்ரிக் வண்டியின் ஆரஞ்சு நிற (உயர் மின்னழுத்த) ஒயர் சம்பந்தப்பட்ட எதுவும் கம்பெனிக்கே போகட்டும். ரீகால், அதாவது தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் செய்யும் வேலையும் அங்கேதான். அது வாரண்டி முடிந்த வண்டிக்கும் பெரும்பாலும் இலவசம். கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டால் உங்கள் வண்டிக்கு ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், ஷூ, கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், பெல்ட், பேட்டரி ஆகியவற்றை நல்ல வெளி ஒர்க்‌ஷாப்பில் தாராளமாகச் செய்யலாம். இதில் இரண்டு வகை உண்டு. போஷ் கார் சர்வீஸ், மை டி.வி.எஸ். போன்ற மல்டி பிராண்டு சென்டர்களில் லிஃப்ட், ஸ்கேனர், கம்ப்யூட்டர் பில் எல்லாம் இருக்கும். ஆனால் இன்று உங்கள் வண்டியைப் பார்த்த மெக்கானிக் அடுத்த வருஷம் இருப்பாரா என்பது சந்தேகம். தகர ஷெட்டில் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் தனி மெக்கானிக்கிடம் இதற்கு நேர்மாறு. வண்டியின் சத்தத்தை வைத்தே போன தடவை என்ன செய்தார் என்று ஞாபகம் வைத்திருப்பார், ஆனால் பில் கேட்டால் தலையைச் சொறிவார். கைராசி, ராசியான கை என்பதெல்லாம் இவரைப் பற்றிச் சொல்லப்படுவதுதான். கைராசியோடு, நட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீல் அலைன்மென்ட்டை (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) தனியாக டயர் கடையில் செய்வது நல்லது. தினமும் அதே வேலை செய்பவர்கள் அவர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரிண்ட் கட்டாயம் வாங்குங்கள். பிரிண்ட் இல்லை என்றால் ஸ்டியரிங்கை மட்டும் நேராக்கி அனுப்பினார்களா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.

சி.என்.ஜி. வண்டிக்காரர்களுக்கு ஒரு வரி: சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்ய வேண்டும். அதற்கு அங்கீகாரம் உள்ள இடம் மட்டும்தான். ஷெட்டில் அதைத் தொட விடாதீர்கள்.

வண்டி இல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்

திங்களும் சனியும் கூட்டம். செவ்வாய், புதன் காலை பதினோரு மணிக்கு மேல் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம். பைக்கில் போங்கள், ‘மச்சான் வண்டிக்கு விசாரிக்க வந்தேன்’ என்று சொன்னால் போதும்.

தூக்கி நிற்கும் வண்டியின் கீழே முதலில் பாருங்கள். ஜாக்கி மட்டும் கொடுத்துவிட்டு ஆள் உள்ளே படுத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஸ்டாண்ட் வைக்காத இடத்தில் மற்ற ஒழுங்கும் இருக்காது. ஜாக்கி எந்த இடத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள்: கதவுக்குக் கீழே தகரத்தில் அதற்கென்று வெட்டு வைத்த இடங்கள் உண்டு. அதைத் தவிர்த்து வேறெங்கு கொடுத்தாலும் கதவின் கீழ்ச்சட்டம் நசுங்கும்.

கழற்றிய போல்ட்டுகள் தட்டில் இருக்கின்றனவா, தரையில் சிதறிக் கிடக்கின்றனவா? பழைய ஆயில் பேரலுக்குப் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா? சக்கரத்தைப் பூட்டும்போது ஏர் கன்னால் கடைசிவரை முறுக்குகிறார்களா, கடைசிச் சுற்றைக் கையால் டார்க் ரெஞ்ச் வைத்து முடிக்கிறார்களா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு ஏற்காட்டு ரோட்டில்தான் பதில் கிடைக்கும். பயணிகள் காரின் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் போதும். ஏர் கன் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் இறுக்கிவிடும். வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனரை வைத்துக்கொண்டு பதினான்காவது வளைவில் பஞ்சரான சக்கரத்தோடு மல்லுக்கட்டும்போது நட்டு அசையாது. மீறி மிதித்தால் ஸ்டட் முறியும். சர்வீஸ் முடிந்து வந்த அன்றே வீட்டு வாசலில் உங்கள் ஸ்பேனரால் ஒரு நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். இதைவிட எளிமையான பரீட்சை கிடையாது.

முதல் வேலையாக ஆயில் சர்வீஸ் மட்டும் கொடுங்கள்

புது இடத்தில் எடுத்த எடுப்பிலேயே கிளட்ச்சைக் கழற்றக் கொடுக்காதீர்கள். ஆயில், ஃபில்டர் மட்டும் மாற்றச் சொல்லி பக்கத்தில் நில்லுங்கள். முக்கால் மணி நேர வேலை. அதில் அவர்களுடைய பழக்கம் முழுவதும் தெரிந்துவிடும்.

இன்ஜின் மிதச்சூட்டில் இருக்கும்போது டிரெயின் பிளக்கைக் கழற்ற வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் சொட்டுச் சொட்டாக வடிய விட வேண்டும். பிளக்கில் ஒரு சின்ன வாஷர் இருக்கும், செம்பு அல்லது அலுமினியம். அது நசுங்கித்தான் ஆயிலை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. புது வாஷர் போடாமல் பழையதையே போட்டு, ஒழுகக் கூடாதே என்று பிளக்கைக் கூடுதலாக முறுக்குவது ஷெட்டுகளில் அன்றாடம் நடப்பது. ஆயில் தேங்கும் அலுமினியத் தொட்டியான சம்ப்பின் மரை போவது இப்படித்தான். சில பத்து ரூபாய் வாஷருக்குப் பார்த்து சம்ப்பையே மாற்ற வேண்டிவரும்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கிறதா என்று மெக்கானிக் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டரைப் பூட்டினால் முதலில் ஒன்றும் தெரியாது. வண்டி வேகம் எடுத்து ஆயில் பிரஷர் ஏறும்போது இரட்டை வளையம் பிதுங்கி, சில நிமிஷத்தில் மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டும். புது வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, கையால் சுழற்றி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. அவ்வளவுதான். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த சர்வீஸில் கழற்றும்போது ஃபில்டர் கிழிந்துதான் வரும்.

மேனுவல் சொன்ன அளவைவிடக் கால் லிட்டர் குறைவாக ஊற்றி, இன்ஜினை அரை நிமிஷம் ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவுக் கம்பி) பார்த்து மிச்சத்தை ஊற்றுவது நல்ல பழக்கம். மேல் கோட்டைத் தாண்டினால் ‘கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதான் சார்’ என்பார்கள். நல்லதில்லை. கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரை கட்டும். நுரைத்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

டீசல் வண்டிக்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். பி.எஸ்.6 டீசலில் புகையை வடிகட்டும் டி.பி.எஃப். இருக்கும். சாம்பல் குறைவாக விடும் தனி வகை ஆயில் அதற்கு வேண்டும். மேனுவலில் ACEA C2 அல்லது C3 என்று குறித்திருக்கும். லாரிக்கு ஊற்றும் ஆயிலைப் பேரலிலிருந்து பிடித்து ஊற்றினால் வண்டி ஓடும், ஆனால் சாம்பல் ஃபில்டரில் சேர்ந்துகொண்டே போகும். டி.பி.எஃப். மாற்றும் செலவில் பல வருஷ சர்வீஸ் பார்த்துவிடலாம். சேலத்தைச் சுற்றி லாரித் தொழில் பெரிது, லாரி கைகளும் அதிகம். திறமையானவர்கள்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கேனை உங்கள் கண்ணால் பாருங்கள்.

பிரேக்: இங்கே சமரசம் வேண்டாம்

புது டிஸ்க் பேட் வண்டியைப் பொறுத்துப் பத்து மில்லிமீட்டர் சுற்றில் இருக்கும். 3 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டும். மலை ஏறுபவர்கள் 4 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. தேய்ந்த பேட் மெல்லிசாக இருப்பதால் சூடு சீக்கிரம் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடந்துவிடும். ‘பேட் போயிருச்சு சார், மாத்திடலாமா?’ என்று போன் வந்தால் ‘எத்தனை மில்லி இருக்கு, போட்டோ அனுப்புங்க’ என்று கேளுங்கள். எண் சொல்லும் இடம் நல்ல இடம். உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் பின் வறண்டு பிடித்திருக்கிறது என்று பொருள். அதைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் வைக்காமல் புது பேட் மட்டும் போட்டால் அதுவும் ஒரு பக்கமாகவே தேயும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு வந்துவிடலாம். டாட் 3-க்கு இது 205-லிருந்து 140. டவுனில் 155 என்பது தாராளம். மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே வந்தால் அந்தச் சூட்டை எட்டுவது பெரிய காரியமில்லை. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. கியரைக் குறைத்து இறங்குவதுதான் முதல் பாதுகாப்பு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுவது இரண்டாவது.

முழுவதும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். டப்பாவில் உள்ளதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினால் கேலிப்பருக்குள் இருக்கும் பழைய ஆயில் அப்படியேதான் இருக்கும், சூடாவதும் அதுதான். ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் தளர்த்தி, கறுத்த ஆயில் போய்த் தெளிந்த ஆயில் வரும்வரை எடுக்க வேண்டும். அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் செலவாகும். நாலு சக்கரமும் கழற்றாமல் ‘பிரேக் ஆயில் மாத்தியாச்சு’ என்றால் நம்பாதீர்கள்.

இன்னொரு பொறி: டப்பாவில் அளவு குறைந்தால் உடனே டாப்-அப் செய்துவிடுவார்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அளவு குறைவது பேட் தேய்ந்ததற்கான அறிகுறி. ஊற்றி மறைத்துவிட்டால் அறிகுறி போய்விடும். பிறகு புது பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது கூடுதல் ஆயில் பொங்கி வழிந்து பெயிண்ட்டை அரிக்கும். பேட் நன்றாக இருந்தும் அளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது; பின் டிரம்மைக் கழற்றிச் சிலிண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக் வேலை முடிந்த வண்டியை நேராக மலைக்கு ஓட்டாதீர்கள். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு தாண்டி அடிவாரம்வரை உள்ள ரோட்டில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துப் பதினைந்து முறை மெதுவாக நிறுத்திப் பாருங்கள். புது பேட் டிஸ்க்கோடு உட்காருவதற்கே இந்த அளவு வேண்டும்.

பில்லைப் படிப்பது

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் எதையும் பார்க்க மாட்டார்கள். ‘மூன்றாவது கியரில் ஏறும்போது முன் இடது பக்கம் கடகட சத்தம்’ என்று எழுத வேண்டும். கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும் தெரியும்படி மீட்டரை ஒரு படம் எடுங்கள். என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது என்று கார்டிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

உதிரி பாகங்களுக்கும் கூலிக்கும் இப்போது 18 சதவீத ஜி.எஸ்.டி.; 28 சதவீதத்தில் இருந்த பாகங்களும் 2025 செப்டம்பர் 22 முதல் 18-க்கு வந்துவிட்டன. எம்.ஆர்.பி. என்பது வரியும் சேர்ந்த விலை. பெட்டியில் 500 என்று அச்சிட்ட ஃபில்டருக்கு 500 போட்டு அதன்மேல் வரியும் போட்டிருந்தால் அது தப்பு. பழைய பாகங்களையும் புதியவற்றின் காலிப் பெட்டிகளையும் டிக்கியில் வைக்கச் சொன்னால், பெட்டியிலிருந்து பார்ட் நம்பரும் விலையும் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம்.

இனி, வேண்டாத வரிகள். இன்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங், ஏ.சி. கிருமி நீக்கம், இன்டீரியர் பாலிஷ். ஒழுங்காக ஆயில் மாற்றிவரும் வண்டிக்கு முதல் மூன்றும் அட்டவணைப்படி தேவையில்லை. மேனுவலில் இருந்தால் செய்யட்டும். சேலத்தில் கடற்காற்று கிடையாது, வருஷா வருஷம் அண்டர்பாடி கோட்டிங் எதற்கு? ஏ.சி. கேஸ் வருஷம் ஒருமுறை போட வேண்டியது என்பதும் கட்டுக்கதை. அது மூடிய அமைப்பு. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடித்தால் சித்திரை வெயிலில் மறுபடி அங்கேயே போய் நிற்பீர்கள். எத்தனை கிராம் பிடிக்கும் என்று பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும், எடை மெஷினில் அளந்து அடிக்கிறார்களா என்று பாருங்கள்.

தேவையானதைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். மாக்னசைட் சுரங்கப் பக்கமோ கல்குவாரிப் பக்கமோ தினம் போகிறவர்களுக்கு ஏர் ஃபில்டர் அட்டவணைக்கு முன்பே அடைத்துவிடும். கூலன்ட்டில் போர் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்தால் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி, அல்லது கலந்தே வரும் கேன். ஆபத்துக்கு வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றி வந்திருந்தால், அடுத்த வாரம் முழுவதும் வடித்து மாற்றிவிடுங்கள்.

மலையிலேயே குடியிருப்பவர்கள்

ஏற்காட்டில் பஞ்சர், பேட்டரி, பல்பு, சில்லறை வேலைகளை மேலேயே முடித்துக்கொள்ளலாம். அட்டவணை சர்வீஸுக்குச் சேலம் இறங்க வேண்டும். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அதனால் உங்கள் தேர்வில் தூரத்துக்கும் மதிப்பு உண்டு. கோரிமேடு, அஸ்தம்பட்டி பக்கம் ஒழுங்கான ஒர்க்‌ஷாப் அமைந்தால் கொண்டலாம்பட்டிவரை நகரைக் கடந்து போகும் அலைச்சல் மிச்சம். காலை எட்டரைக்கு வண்டி விட்டு மாலை நான்குக்குள் எடுக்கும்படி முன்பதிவு செய்யுங்கள். இருட்டிய பிறகு, அன்றைக்குத்தான் பிரேக் கழற்றிப் பூட்டிய வண்டியை மூடுபனியில் ஏற்றிக்கொண்டு போகிற நிலை வரக் கூடாது. மே மாதக் கோடை விழா நாட்களிலும் சனி, ஞாயிறிலும் ரோடு நெரியும். அந்த நாட்களைத் தவிருங்கள்.

எஸ்டேட் வண்டிகள் வருஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். கிலோமீட்டரைப் பார்த்து ‘இன்னும் சர்வீஸ் வரலை’ என்று உட்காரக் கூடாது. மாதக் கணக்குதான் உங்களுக்கு. கிளட்ச், பிரேக், கீழ்ப்பக்க ரப்பர் பூட்டுகள் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மழைக்கு முன் வைப்பரையும் டயர் பட்டனையும் (ரோட்டைப் பிடிக்கும் மேடுகள்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை எடுக்கும்போது

பணம் கட்டுவதற்கு முன் பானட்டைத் திறந்து டிப்ஸ்டிக், கூலன்ட் டப்பா, பிரேக் ஆயில் டப்பா மூன்றையும் நீங்களே பாருங்கள். ஆயில் மூடி இறுகியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகள் எல்லாம் விழுந்திருக்கின்றனவா, டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா? அட்வைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஜாப் கார்டில் எழுதிய சத்தம் இன்னும் வந்தால் அங்கேயே திருப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய் போன் பண்ணினால் அது புது புகாராகிவிடும்.

அன்று இரவு வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பழைய அட்டையை இன்ஜினுக்கு நேர் கீழே போட்டு வையுங்கள். காலையில் ஏ.சி. தண்ணீர் தவிர வேறு ஏதாவது சொட்டியிருந்தால் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு, பழுப்பு என்றால் ஆயில்; பச்சை, சிவப்பு, நீலம் என்றால் கூலன்ட்; சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப்பசையாக ஈரம் இருந்தால் பிரேக். கடைசி வகை என்றால் வண்டியை எடுக்காதீர்கள், ஆளை வரச் சொல்லுங்கள்.

செய்யாத வேலைக்குப் பில் போட்டு, கேட்டாலும் பதில் இல்லை என்றால் முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஜாப் கார்டு படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். வெள்ளைத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுக்கும் ஷெட் என்றால், அன்றைக்கே அந்தத் தாளின் பின்பக்கம் கிலோமீட்டர், தேதி, ஊற்றிய ஆயிலின் பெயர், மாற்றிய பாகங்களை எழுதி அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி, மேனுவல் இருக்கும் அதே உறையில் போட்டு வையுங்கள்.